கடற்பசுவும் மூதாயும்



பாக் விரிகுடாவில் கடற்பசு என்றோர் உயிர் வாழ்கிறது. மீனவர் இதனை ஆவுளியா என்பர். சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உடையது. கடற்புல்லை மேய்ந்து, குட்டி ஈன்று பாலூட்டுவது. மூச்சுவிட நீரின் மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி வர இயலாவிடின் மூச்சடைத்து இறந்துபடும். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

கார்காலத்து முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து வெளிப்படும் செந்நிறச் சிற்றுயிர் மற்றொன்று. சங்கப் புலவர் முல்லைத்திணைப் பாடல்களில் மூதாய் என்று குறித்தது இதனையே. இந்திரகோபம், தம்பலப்பூச்சி என்பனவும் இதன் பெயர்கள். பூச்சி எனப்படினும் இது பூச்சியினத்தது அன்று. எட்டுக் கால்களை உடைய சிலந்தியின் உறவு. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்.

ஒன்றை இறைச்சிக்காகக் கொன்றனர். மற்றொன்றை மருந்தெண்ணெய்க்காகக் கொன்றனர். துன்பம் இரண்டிற்கும் உண்டு, காவல்தான் வேறு. கடற்பசுவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதற்பட்டியலில் வைத்துக் காக்கிறது. 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மூதாய்க்கென்று அத்தகைய காப்பகம் ஏது? நடப்போர் கண்ணே அதற்குக் காவல்.

அக்காவலை அறநூலோர் முன்பே வகுத்தனர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுதலின், துறவியர் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குவர். நடக்குங்கால் நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி அடிவைப்பர். விளக்கின் ஒளி குடத்துள் குடத்தளவாகவும் கூடத்துள் கூடத்தளவாகவும் நிற்பது போல, உயிரும் தான் பெற்ற உடலின் அளவாய் நிற்கும் என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் உண்மை. உடல் சிறுத்ததனால் உயிர் சிறுத்ததாகாது. கடற்பசு புல்லை மேய்வது, மூதாய் பூச்சிகளின் முட்டையை உண்பது என்று பிரித்து அருள் காட்டுவதும் அறமன்று.

மழைநாளில் சிறுவர் மூதாயைப் பிடித்துத் தீப்பெட்டியுள் அடைத்து மகிழ்வர். வியப்பே அன்றி அதில் பகை இல்லை. ஆயினும் மறுநாள் திறக்கையில் அது அசைவற்றுக் கிடக்கும். "பார்த்தது போதும், மண்ணில் விட்டுவிடு" என்று அன்றே சொல்லும் தாய், கடலில் காப்பகம் அமைத்த அரசின் செயலுக்குச் சற்றும் குறையாத செயலைச் செய்தவளாகிறாள். பேருயிரைக் காக்கச் சட்டம் வேண்டும். சிற்றுயிரைக் காக்க அத்தாயின் ஒரு சொல் போதும்.