அரை அங்குலம்



பத்தாண்டு நிறைவு விழாவில் நெய்தலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நூலிற் கற்ற நெய்தலை விடுத்து, ஒரு காலைப்பொழுதில் கண்ட வேற்று நாட்டு நெய்தலைப் பேச விழைகின்றேன்.

அமெரிக்காவில் வாழும் என் தம்பியின் குடும்பத்தாரோடு டெக்சாஸ் மாநிலத்து ராக்போர்ட் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். விடியற்காலையில் தம்பி, அவன் மனைவி, பதினொரு வயது மகள், நான் ஆகிய நால்வரும் முழங்காலளவு உப்புநீரில் இறங்கினோம். மணலிற் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்துவிடாதபடி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடக்கவேண்டும் என்பது முதற்பாடம்.

நாங்கள் தேடியது ரெட்ஃபிஷ் என்னும் மீனை. நம் பரதவர் கத்தாளை என்றழைக்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பு நிற உடல், வாலடியில் கரும்புள்ளி. கடற்புல்லில் தலைகவிழ்ந்து நண்டு தேடுகையில் அதன் வால் நீருக்கு மேல் தோன்றும். அதனைக் கண்ட பின்னரே தூண்டில் வீசுவர். இறகும் மயிரும் கட்டி இறால்போலச் செய்த முள் மிக இலேசானது. கனத்த கயிறே காற்றில் வளைந்து விரிந்து அதனைக் கொண்டுசேர்க்கிறது.

பலமுறை தவறிய பின் குழந்தையின் தூண்டிலில் ஒரு மீன் சிக்கியது. அவள் பிடித்த முதல் மீன் அது. அளவுகோலில் வைத்துப் பார்த்தாள், பத்தொன்பதரை அங்குலம். அம்மாநிலச் சட்டப்படி 20 முதல் 28 அங்குலம் வரையுள்ள மீன்களை, ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மட்டும் கொள்ளலாம். அதனினும் பெரியதற்குத் தனிச் சீட்டு வேண்டும். சிறியவை வளரவும், பெரியவை இனம் பெருக்கவும் இந்த வரம்பு.

அவள் முகம் வாடக் கண்டு, "அரை அங்குலந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

"நான் அளந்துட்டேனே, அத்தை" என்றாள்.

இரு கைகளாலும் மீனை நீருக்குள் ஏந்தி, அது மூச்சுத் தெளியும்வரை காத்திருந்து விடுத்தாள். இருபது ஆண்டுகளாக அறநூல் கற்பிக்கும் நான் தலைகுனிந்தேன்.

இந்த வரம்புகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1981இல் டெக்சாஸ் இம்மீனைப் பிடித்து விற்பதைத் தடைசெய்தது. அதே பத்தாண்டில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருதோம் ஆக்கிய மசாலா மீன் நாடெங்கும் புகழ்பெற, வளைகுடாவின் ஆழ்கடற் கூட்டங்கள் வலைகளில் வாரப்பட்டன. டெக்சாஸ் பொரிப்பகங்கள் அமைத்துக் குஞ்சுகளைக் கழிகளில் விட்டது. மீனும் பெருகியது.

ஆயினும் என் உள்ளத்தில் ஒரு முள் தைத்தே நின்றது. அத்தடையால் வலைஞர் பிழைப்பை இழந்தனர். பொழுதுபோக்குக்குப் பிடிப்போர்க்கு மீன் எஞ்சியது. பசிக்குப் பிடித்தவன் விலக, விளையாட்டுக்குப் பிடிப்பவன் நிற்பது முழு அறமாகுமா? இவ்வினாவை நெய்தலைக் கற்ற நாம் கேட்காதிருத்தல் இயலாது.

விடை என்னிடம் இல்லை. ஆனால் கடலைக் காக்கும் சட்டம் எதுவாயினும், காண்பார் இல்லாத இடத்திலும் அளந்ததை அளந்தபடி ஒப்புக்கொள்ளும் மனம் இல்லையேல் அது வெற்றுத்தாளே. அம்மனத்தை அக்காலையில் ஒரு குழந்தையிடம் கற்றேன்.