லாக்கும் தடுப்பணையும்

மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் வந்தன. 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, கூலிக்கு மண் வெட்டிய ஜனங்கள்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள்.

அந்தக் கால்வாயில், நீர்மட்டம் மாறும் இடங்களில், இரு முனையிலும் கதவுள்ள லாக்குகள் இருந்தன. தோணி உள்ளே போனதும் பின்கதவை அடைப்பார்கள். முன்னாலிருக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும், அல்லது இறங்கும், பிறகுதான் முன்கதவு. சிறு படகில் லாக்குக்குள் போகிறவர் ஓரத்துக் கயிற்றைக் கையில் பிடிக்கலாம், படகோடு முடிச்சுப் போடக் கூடாது. தண்ணீர் இறங்கினால் படகு அந்தரத்தில் தொங்கும்!

ஆனால் படகில் போகிறவருக்கு, ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணைதான் உண்மையான எமன். இடுப்பளவு உயரம்தானே என்று தோன்றும். விழுந்த தண்ணீரோ அடியில் சுருண்டு, மேலெழுந்து, அணையை நோக்கியே திரும்பும். அகப்பட்டவர் எத்தனை பெரிய நீச்சல்காரரானாலும் உருட்டிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அதை நம்பி இறங்க முடியாது. முன்கூட்டியே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விட வேண்டும்.

1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் இன்றும் அடையாற்றில் துடுப்புப் போடுகிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு உபரிநீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், சென்னையில் வெயிலடித்தாலும் சரி, அன்று அடையாற்றில் படகை இறக்காதீர்கள்.