வருவோரை எதிர்கொள்ளும் வரவேற்பறை

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தாரும் விருந்தோம்பலும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பரந்த பொருள் அது. ஆதலின், வீட்டின் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன். வெளியிலிருந்து வருபவர் முதலில் அடியெடுத்து வைக்கும் இடம் அது. நம் முன்னோர் இல்லங்களில் அது திண்ணையும் கூடமுமாக இருந்தது. இன்று அதனை வரவேற்பறை என்கிறோம்.

இந்நன்னாளின் வரலாறே வருவோரை எதிர்கொள்ளும் முறையைப் பற்றியதுதான். ஆதிபகவன் விருஷபதேவர் துறவு பூண்டபின் ஆறு திங்கள் உண்ணா நோன்பு இருந்தார். பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பு மேலிட்டு மணிகளையும் ஆடைகளையும் யானைகளையும் கொண்டுவந்து நின்றனர். தம் மகளிரையே மணமுடித்துத் தர முன்வந்தோரும் உண்டு. துறவிக்கு உரிய உணவை உரிய முறையில் அளிக்க மட்டும் எவரும் அறிந்திலர். ஆதலால் மேலும் பல திங்கள் பகவான் உணவின்றியே நடந்தார். அத்தினாபுரத்தில் மன்னன் சோமப்பிரபனின் தம்பி சிரேயாம்சன், முற்பிறப்பில் முனிவர்க்குத் தானமளித்த நினைவு தோன்றப் பெற்று, பகவானை எதிர்கொண்டு கருப்பஞ்சாற்றை அளித்தான். அந்நாளே அட்சய திருதியை.

அம்மக்களிடம் செல்வம் இருந்தது, பக்தியும் இருந்தது. வந்தவரின் விரதம் யாது, அவருக்கு வேண்டுவது யாது என்னும் அறிவு ஒன்றே இல்லை. விருந்தோம்பலின் உயிர்நிலை அவ்வறிவிலேதான் இருக்கிறது என்பதே நான் கூற வந்த செய்தி.

முனிவர்க்கு ஆகாரமளிக்கும் ஒன்பது முறைகளை நவபுண்ணியம் என்று நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். எதிர்கொள்ளல், உயர்ந்த இருக்கை அளித்தல், கால் கழுவுதல், அருச்சித்தல், வணங்குதல், மனத்தூய்மை, மொழித்தூய்மை, மெய்த்தூய்மை, உணவுத்தூய்மை என்பன அவை. உணவு ஒன்பதாவதாகவே வருகிறது. முதலில் நிற்பது எதிர்கொள்ளல். முனிவர் எவரையும் இரப்பதில்லை. எவர் வீட்டுக்கும் முன்னறிவித்து வருவதில்லை. சிராவகரும் சிராவகியும் தூய ஆடை உடுத்தி வாயிலில் நின்று வரவேற்றால் நிற்பார். வாயில் வெறுமையாக இருந்தால் கடந்து செல்வார். அதிதி என்னும் சொல்லுக்கே வருகைக்கு நாள் குறியாதவர் என்று பொருள் விரிப்பர் பெரியோர். அத்தகையோர்க்கு உணவைப் பகிர்ந்தளிக்கும் அதிதி சம்விபாகம், இல்லறத்தாரின் பன்னிரு விரதங்களுள் ஒன்று. ஆகவே நமக்கு விருந்தோம்பல் வெறும் நாகரிகமன்று, ஏற்றுக்கொண்ட விரதம்.

ஆரணி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து நம் ஊர்களில் உள்ள பழைய வீடுகளை நினைவுகூருங்கள். தெருவை நோக்கிய திண்ணை, அதனைக் கடந்து நடை, அப்பால் முற்றமும் கூடமும். வழிப்போக்கர் எவரிடமும் கேளாமல் திண்ணையில் அமரலாம். வடிகட்டிய நீர் செம்பில் வரும். உறவினர் கூடம்வரை வருவர். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது இல்லத்தின் ஒழுங்காதலால், பிற்பகலில் வந்தவரிடம் வீட்டுத்தலைவி முதலில் கேட்கும் கேள்வி, “சாப்பிட்டாயிற்றா?” என்பதே. சூரியன் மறையுமுன் அவர் பசி ஆற்ற வேண்டும் என்னும் கவலை அக்கேள்வியில் இருந்தது.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர் குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியின் இல்லம் எளியது. ஆயினும் கோவலன் சாவக நோன்பினன் என்பதை அவள் கருத்திற்கொண்டு, பகற்பொழுதில் உணவு சமைப்பதற்கு உரிய நல்ல கலங்களைக் கொடுக்கச் சொல்கிறாள். ஆய்ச்சியர் காய்கனிகளும் அரிசியும் பாற்பயனும் தருகின்றனர். தன் வழக்கத்தை வந்தவர் மீது சுமத்தாமல், வந்தவர் நோன்பைக் காத்தாள் அம்மூதாட்டி. அதே இல்லத்தில்தான், கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் துறவோரையும் விருந்தினரையும் எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததைக் கண்ணகி கூறுகிறாள். செல்வம் தொலைந்ததை அவள் அங்கே கூறவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் காலத்து இல்லங்களுக்கு வருவோம். பிழைப்பின் பொருட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தோம். அடுக்ககங்களில் திண்ணைக்கு இடமில்லை. அது எவர் குற்றமும் அன்று. ஆனால் வரவேற்பறை என்று ஓர் அறை இருந்தும் அங்கே வரவேற்பு குறைந்து வருகிறது. இருக்கைகள் யாவும் தொலைக்காட்சியை நோக்கியிருக்கின்றன. வந்தவர் பேச, வீட்டார் கைப்பேசியைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்று: விருந்தினர் வரும்போது முதியோரை உள்ளறைக்கு அனுப்பும் வழக்கம் சில இல்லங்களில் புகுந்துவிட்டது. நான்கு தானங்களுள் அபயதானத்தைப் போற்றும் நாம், பெற்றோர்க்கு நம் கூடத்தில் ஓர் இருக்கை அளிக்காவிடில் அத்தானத்திற்குப் பொருள் ஏது?

ஆதலின் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வரவேற்பறையின் முதன்மையான இருக்கை வீட்டு முதியோர்க்கு உரியதாகட்டும். வருவோர் முதலில் அவர்களை வணங்கட்டும். பிள்ளைகளும் உடன் இருந்து பழகட்டும்.

இரண்டாவது, நம் உணவு நேரத்தை வருவோரிடம் மறைக்கவும் வேண்டா, பெருமையாகப் பேசவும் வேண்டா. “பொழுதோடு வாருங்கள், சேர்ந்து உண்போம்” என்று அழைப்போம். பிற சமயத்து நண்பர் இல்லங்களுக்குச் செல்லும்போது அவர்கள் வழக்கத்தையும் மதிப்போம். மாதரி நமக்குச் செய்த நன்றிக்கு இதுவே கைம்மாறு.

மூன்றாவது, அலங்காரப் பொருள்கள் நிறைந்த பேழையில் ஒரு தட்டையேனும் அறநூல்களுக்கு ஒதுக்குவோம். வந்தவர் கையில் எடுக்கும் ஒரு நூல் சாத்திரதானமாகும்.

நான்காவதே இன்றியமையாதது. ஊர்களில் நம் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. முனிவர்களும் ஆரியாங்கனைகளும் நடந்தே வரும் வழிகள் அவை. எதிர்கொள்ள ஆளில்லாத தெருவில் அவர்கள் பசியோடு கடந்து செல்ல நேரின், பழி நம்மையே சாரும். ஊருக்கு ஒரு வீட்டையேனும் உறவினர் சிலர் கூடித் தூய்மையாகப் பேணி, துறவியர் வரும் காலத்தில் முறைவைத்துச் சென்று தங்கிக் கதவைத் திறந்து வைப்போம். ஆகாரமளிக்கும் முறையை மூத்த தாய்மார்களிடமிருந்து இளையோர் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். முறை அறியாத ஊர்களில் ஆதிபகவனே பல திங்கள் பசித்திருந்தார் என்பதை மறவாதிருப்போம்.

இப்பணியை நம் இல்லங்களிலேயே தொடங்குவோம்.

வாழ்க அருகன் அறம்! வளர்க உயிரிரக்கம்!