சமாளித்தோம், சரி, கணக்கு எங்கே?



நெருக்கடியில் எளிய மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு மேடைகளில் இதைப் பேசுகிறவர்கள் கடைசியில் நம்மைப் பாராட்டி முடிப்பார்கள். "தோட்டத்துச் சனங்கள் எதையும் தாங்குவார்கள், எப்படியோ சமாளித்துவிடுவார்கள்" என்பார்கள். கைதட்டல் எழும். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு போக நான் வரவில்லை. சமாளித்தோம் என்பது உண்மை. எதை அடகு வைத்துச் சமாளித்தோம், எதைச் சாப்பிடாமல் சமாளித்தோம், அதனால் மிச்சம் பிடித்தவர்கள் யார் என்ற கணக்கை இந்தச் சபையில் வைக்கத்தான் வந்தேன்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று நமது அரசாங்கம் உலகத்துக்கு அறிவித்தது. அந்தக் கடனை வாங்கியது மொனராகலையின் இறப்பர் மரமா? பசறையில் கொழுந்து பறிக்கும் கையா? நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பில் மட்டும் நேரே லயத்துக்கு வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. அதாவது, முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் தாவியது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையின் படிப்பும் அந்த இரவோடு சுருங்கியது.

நமது வீட்டுச் சாப்பாடு என்ன? கோதுமை மா ரொட்டி. காலையிலும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. அந்த மா விலை ஏறியபோது நம் தாய்மார் என்ன செய்தார்கள்? ரொட்டியை மெலிதாகத் தட்டினார்கள். பருப்பில் தண்ணீரைக் கூட்டினார்கள். சீனி இல்லாத வெறுந்தேநீரைக் குடித்தார்கள். உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற கை, தன் கோப்பைக்கு ஒரு கரண்டி சீனி போட யோசித்தது. பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சட்டியைக் கழுவி வைத்த பெண்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அந்தப் பொய்யை எந்தப் புள்ளிவிபரமும் எண்ணவில்லை.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. பெரிய வெற்றி என்றோம். அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்றால் ஐந்து டொலர். அடுத்த வருடம் மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே ஆயிரம் ரூபாய் மூன்று டொலருக்கும் கீழே விழுந்தது. எண் மாறவில்லை, கூலி மட்டும் ஏறக்குறையப் பாதியானது. 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய் வந்தது. அன்றைய டொலர் விலையில் அது நாலரை டொலர். மூன்றரை வருடம் காத்திருந்து, அறிக்கை மேல் அறிக்கை கேட்டு, நீதிமன்றம் வரை போய் வந்த பிறகும், தொடங்கிய இடத்துக்குக்கூட நாம் திரும்பவில்லை! 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கத்தின் 200 ரூபாயும் என்று முன்வைத்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் அதை யாரும் தானம் என்று சொல்லக் கூடாது. இழந்ததில் ஒரு பங்கு திரும்புகிறது, அவ்வளவுதான்.

டொலர் கணக்கை நமக்கு ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். தேயிலை வெளிநாட்டுக்கு டொலருக்கு விற்கப்படுவதால் சொல்கிறேன். கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோவின் சராசரி விலை 600 ரூபாய்க்குச் சற்று மேல். 2022இல் 1,200 ரூபாயைத் தாண்டியது. நியாயமாகப் பேச வேண்டும்: 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்தது, கம்பனிகளின் செலவும் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் ரூபாய் விழுந்தபோது விற்கிற பொருளின் விலை ஏறியது. பறிக்கிற கையின் விலை ஏறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற பணம் எங்கே போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தச் சம்பளமும் முழுதாக வருகிறதா? குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மொனராகலையின் இறப்பர் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை. தீபாவளி முற்பணத்தை மாதா மாதம் பிடிக்கிறார்கள். தீபாவளி ஒரு நாளில் முடிகிறது, அதன் கடன் மறு தீபாவளி வரை கூடவே வருகிறது.

மிச்சத்தை எப்படி ஓட்டுகிறோம்? முதலில் கடைக் கொப்பி. அரிசி, மா, சவர்க்காரம் எல்லாம் கொப்பியில் ஏறும், சம்பளத்தன்று இறங்கும். கொப்பியில் கடன் இருக்கிறவள் விலை கேட்க மாட்டாள். அடுத்த கடையில் பத்து ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் போக மாட்டாள். கடனாளி சந்தைக்குப் போவதில்லை. சந்தைதான் அவளைத் தேடி வருகிறது.

இரண்டாவது, நகை. தோடு அடகுக்குப் போகும், பிறகு தாலிக்கொடி போகும், மஞ்சள் கயிறு மிஞ்சும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. விலைவாசியை அடக்க அது வேண்டும் என்றார்கள். இருக்கட்டும். வட்டி கட்டவே முடியாமல் மீட்கும் திகதி தவறி, ஏலத்தில் போன நகைகளுக்கு யார் பதில் சொல்வது?

மூன்றாவது, சீட்டு. இதை மட்டும் நான் வாழ்த்துவேன். எழுத்து இல்லை, முத்திரை இல்லை, சாட்சி இல்லை. இருபது பெண்களின் வாய்ச்சொல்லில் அது நிற்கிறது. பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து, தகரம் மாற்றக் காசு, பிரசவச் செலவு என்று எத்தனையோ காரியம் சீட்டால் நடந்திருக்கிறது. வங்கி நம்பாத பெண்ணை அடுத்த காம்பராக்காரி நம்பினாள்.

நான்காவதுதான் பயங்கரம். நுண்கடன். நம் பெண்களின் இந்த நம்பிக்கையைத்தான் அது மூலதனமாக எடுத்துக்கொண்டது. ஐந்து பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணை வைத்து, கிழமைக்கொரு தடவை வாசலுக்கு வந்து அறவிடுகிறார்கள். ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். சிநேகிதிகள் பகையாளிகள் ஆகிறார்கள். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் வாங்குகிறார்கள். 2018இல் அரசாங்கம் வட்டிக்கு வரம்பு போட்டது: வருடத்துக்கு 35 வீதம். வரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் சிங்களக் கிராமத்துத் தாய்மார். மொனராகலையின் வெல்லஸ்ஸவில் கரும்பும் சோளமும் போடுகிற நமது அயலவரின் நிலையும் இதுதான். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மொழி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நாமும் மொழி பார்க்காமல் சேர்ந்து நிற்க வேண்டிய இடம் இது.

இன்னும் ஒரு கணக்கு. இதைக் கவனமாகக் கேளுங்கள். நமது சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. கிழட்டுக் காலத்துக்கு நமக்கிருக்கும் முக்கியமான சேமிப்பு அது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஈ.பி.எப். போன்ற நிதிகள் வைத்திருந்த முறிகளைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். போகப் போக 9 வீதம். மாறாவிட்டால் கூடிய வரி என்றார்கள். நாட்டைக் காப்பாற்றத் தியாகம் செய்தவர்களின் பட்டியல் எழுதினால், நிதியமைச்சர்களுக்கு முன்னால் நமுனுகுலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரை எழுத வேண்டும். அவளிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்ததே என்பீர்கள். 2023 ஜூலையில் வந்தது, சில குடும்பங்களுக்கு உண்மையிலேயே கை கொடுத்தது. ஆனால் லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் உண்டா? கடிதம் தோட்டக் காரியாலயத்தைச் சுற்றி வரும்போது மேன்முறையீட்டுத் திகதி முடிந்துவிடுகிறது. 2019இல், நெருக்கடிக்கு முன்பே, நாட்டில் வறியவர்கள் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். நாம் விழுந்தது சமதரையிலிருந்து அல்ல. ஏற்கெனவே பள்ளத்தில் நின்றோம். அதற்கு மேல் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பதுளை மலைகளைச் சரித்தது. உயிரும் போனது, வீடும் போனது, வேலை நாளும் போனது.

நமது வரலாறே கடனில் தொடங்கியது. கடல் கடக்கும்போது கொடுத்த முற்பணத்தை வைத்துப் பெரிய கங்காணி நம் முன்னோரைக் கட்டிப்போட்டான். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து அதே மக்கள் கையில் கிழமைக் கடன் அட்டை இருக்கிறதே, இது யாருக்கு வெட்கம்?

எழுத்தாளத் தோழர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இதே ஊவா மாகாணத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். லயத்து ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் படும் பாட்டை 'மீன்கள்' கதையில் வைத்தவர். விலைவாசி ஏறி நின்ற 2022 ஒக்டோபரில் மறைந்தார். அவர் தலைமுறை இட நெருக்கடியை எழுதியது. கடைக் கொப்பியையும் கிழமைக் கடன் அட்டையையும் எழுதுவது உங்கள் தலைமுறையின் வேலை.

தாய்மார்களே, சீட்டை இருபது வருடம் நேர்மையாக நடத்தத் தெரிந்த உங்களுக்குச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் நடத்தத் தெரியாதா? இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பதிவு செய்யுங்கள், கணக்கை எழுதுங்கள், வட்டி உங்களுக்குள்ளேயே சுற்றட்டும். வாசித்துக் காட்டாத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். படித்த பிள்ளைகளே, அம்மாவின் ஈ.பி.எப். இலக்கத்தை எடுத்து, பணம் சரியாகப் போகிறதா என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளத்தை மேதின மேடையில் அறிவிப்பதை விட்டு, விலைவாசி ஏறும்போது தானாக ஏறும்படி ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

தாங்கும் சக்திக்கு இனி எங்களைப் பாராட்ட வேண்டாம். தாங்கியதற்கு உரியதைக் கொடுங்கள் என்று கேட்போம், ஒன்றாகக் கேட்போம், எழுதிக் கேட்போம்.