குழம்பில் ஒரு துப்பு
(நம் கிளப் ஹவுஸ் வாசகர் கூட்டத்தில் பேசியது)

அலமாரியில் கிடக்கும் பழைய துப்பறியும் கதைகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. "குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். போடுவதற்கு முன் ஒரு கதையை மட்டும் கேளுங்கள்.

ஆர்தர் கானன் டாயிலின் 'சில்வர் பிளேஸ்', 1892 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்தது. டார்ட்மூரில் ஒரு பந்தயக் குதிரை இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார். லாயத்துக் காவல் பையனின் சாப்பாட்டில் அபின். அன்று மாலை அங்கே வந்த ஒரு வெளியாள்மீது போலீசுக்குச் சந்தேகம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் பிடித்துக்கொள்வது சாப்பாட்டை. அன்று ஆட்டுக்கறிக் குழம்பு. சாதாரண உணவில் அபின் ருசி காட்டிக்கொடுத்துவிடும், மசாலாவில் தெரியாது. சரி, அன்றைக்குப் பார்த்து அந்த வீட்டில் குழம்பு வைக்க வெளியாள் எப்படி ஏற்பாடு செய்திருக்க முடியும்?

முதல் தடவை படித்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. தினமும் குழம்பு வைக்கிறவள் நான்!

டாயில் எதையும் ஒளிக்கவில்லை. குழம்பைக் கதையின் முன்பகுதியிலேயே நம் முன்னால் வைத்துவிடுகிறார். இரண்டாம் தடவை படிக்கும்போது, நாம் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று பார்க்கலாம். எனக்கு அதுதான் அதிக ருசி. பெரிய நாவலென்றால் குழம்பு மறந்தே போயிருக்கும்.

அலமாரிப் பிரதியில் யாரோ கதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே பென்சிலால் விடையை எழுதிவைத்திருந்தார்கள். அழித்துவிட்டேன். முதலில் கேட்பவருக்குப் புத்தகம்.