சட்டம் எழுதப்படும்போது நம் குரலும் கேட்கட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மனிதரை மனிதர் விலைப்பொருளாக்கும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் இயற்றும்போது, அதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தை அரசு கேட்கிறது. அக்கேள்விக்கு மும்பையில் வாழும் தமிழர்களாகிய நாம் என்ன விடை சொல்லப் போகிறோம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றது. சென்றவர்களில் தமிழர் பலர். ஒப்பந்தத்திற்கு அவர்கள் இசைந்ததாகத் தாளில் எழுதியிருந்தது. தாளில் இருந்த இசைவு கரும்புத் தோட்டத்தில் அவர்களைக் காக்கவில்லை. இந்த நிலையை எதிர்த்து 1910-இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இம்மராட்டிய மண்ணின் மைந்தரான கோபாலகிருஷ்ண கோகலே. மறு ஆண்டே நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1917-இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் ஏற்றுவதே நிறுத்தப்பட்டது. தமிழ்க் கூலிக்காக மராட்டியத் தலைவர் குரல் கொடுத்தார். பொதுமக்களின் குரலும் ஓங்கியது. அதன் பின்னரே சட்டம் அசைந்தது. இவ்வரலாற்றை நாம் மறக்கலாகாது.

விடுதலை பெற்ற இந்தியா தன் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவிலேயே மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. 1956-இல் பெண்களையும் சிறுமியரையும் ஒழுக்கக்கேடான வணிகத்தினின்று காக்கும் சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்பை வழங்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்றது அத்தீர்ப்பு. பசியும் ஒரு விலங்கே என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நாள் அது.

இத்தனை இருந்தும் புதிய சட்டம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. இன்று நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 143-ஆம் பிரிவு ஆள் கடத்தலுக்குக் குறைந்தது ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கிறது. ஆனால் சுரண்டல் இன்னின்ன என்று அது விளக்குமிடத்தில் அடிமை முறையும், பிச்சையெடுக்க வைப்பதும், உடலுறுப்பைப் பறிப்பதும் உள்ளன. 'கட்டாய உழைப்பு' என்னும் சொல் இல்லை. அதனைப் பிற சொற்களுக்குள் அடக்கிப் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே நூலின் 146-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தனியே குறிப்பிடுகிறது; அதற்கு விதித்த சிறையோ ஓராண்டுக்கு மேற்படாது. ஏழாண்டுக்கும் ஓராண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விழுந்து கிடப்பவர் எத்தனை பேர்!

அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரச் சிறுவர்கள் மராட்டியத்திலும் பிற வடமாநிலங்களிலும் உள்ள முறுக்குக் கம்பெனிகளிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். மழை பொய்த்த ஆண்டில் தாயின் கையில் சில ஆயிரம் முன்பணம். பிள்ளையின் கையில் ஒரு ரயில் பயணம். பின்னர் விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை எண்ணெய்க் கொப்பரையின் முன்னே நிற்கும் வாழ்வு. அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் ஊர்க்காரர். 'அண்ணே' என்று பிள்ளை அழைக்கும் முகம். இதைச் சொல்லும்போது நெஞ்சம் நாணுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளும் இதே கதைதான். 2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளையிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டனர். ஆகவே கொடுத்தவரும் நாமே, கொண்டவரும் நாமே.

இனி, மக்கள் கருத்துக் கேட்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மசோதாவை நாடாளுமன்றத்திற்குக் கொண்டுபோகுமுன் அதன் வரைவைக் குறைந்தது முப்பது நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும், வந்த கருத்துக்களின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. மிக நல்ல கொள்கை. அது கொள்கையேயன்றிச் சட்டம் அன்று என்பதுதான் குறை.

ஆள் கடத்தல் மசோதாவின் வரைவு 2016 மே மாத இறுதியில் வெளியாயிற்று. ஜூன் முடிய அவகாசம் தந்தார்கள். திருத்திய மசோதா 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019-இல் காலாவதியாயிற்று. 2021-இல் புதிய வரைவு ஒன்று வந்தது. அதன்மீது கருத்துச் சொல்ல அவ்வாண்டு ஜூலை 14 வரையே நாள் குறித்தார்கள். கொள்கை சொன்ன முப்பது நாட்கள் அப்போது கிடைக்கவில்லை. நாடே பெருந்தொற்றில் துவண்டிருந்த காலம் அது. அந்த வரைவும் சட்டமாகவில்லை.

நாட்களின் குறைவைவிடப் பெரிது மொழியின் தடை. கொப்பரை முன்னே நின்ற பிள்ளைக்கும், அவனைப் பெற்ற தாய்க்கும் இவ்வரைவின் ஒரு வரியும் எட்டவில்லை. நோயுற்றவனைக் கேளாமல் மருந்து எழுதினால் அது நோய்க்குப் பொருந்துமா?

கேளாமல் செய்த நன்மைக்கு இந்நகரமே சான்று. 1990-இல் இங்கே காமாட்டிபுரம் போன்ற இடங்களில் சிக்கியிருந்த தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கானோரை மீட்டுத் தனி ரயிலில் சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். நல்லெண்ணத்தில் செய்த செயல்தான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களை எதிர்கொண்டவை பூட்டிய இல்லங்களும் இரத்தப் பரிசோதனையும் ஊராரின் ஏளனமும். கூண்டு மாறிற்று, வாழ்வு மாறவில்லை. வயது வந்த ஒருத்தியை அவள் விருப்பத்தைக் கேளாமல் இல்லத்தில் அடைக்கலாமா என்னும் கேள்வி 2018-ஆம் ஆண்டு மசோதாவின் போதும் எழுந்தது. அதை எழுப்பியவர்களில் பாலியல் தொழிலாளரின் அமைப்புக்களும் உண்டு. கடுமையான சட்டம் வேண்டுமென்போர், மீட்கப்படுபவள் அச்சத்தால் வாய் திறவாள், ஆகவே காப்பகம் இன்றியமையாதது என்பர். அவ்வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது. சிறுமியர் வகையில் அது முற்றிலும் சரி. ஆயினும் வயது வந்தோர் வகையில் இறுதிச் சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் துணிபு.

மற்றொன்றையும் பாருங்கள். 2016-இல் திருத்தியமைத்த மத்தியத் திட்டப்படி மீட்கப்பட்ட கொத்தடிமைக்கு ஓர் இலட்சம், பெண்களுக்கும் சிறுவருக்கும் இரண்டு இலட்சம், மிகக் கொடிய நிலையில் மூன்று இலட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் உடனடி உதவியாகத் தரும் சிறு தொகை போக, பெருந்தொகையின் வழங்கலை முதலாளி தண்டனை பெறுவதோடு பிணைத்துவிட்டார்கள். வழக்கு மராட்டியத்தில், சாட்சி உசிலம்பட்டியில், விசாரணை அவனறியா மொழியில். தீர்ப்பு வருமுன் தரகர் மீண்டும் முன்பணத்தோடு வாசலில் நிற்பார். இதுபோன்ற நுட்பங்களை அனுபவித்தவர்தாம் எடுத்துச் சொல்ல முடியும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த வரைவு என்று வந்தாலும் நம் சங்கம் ஆயத்தமாக இருக்க வேண்டும். மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, வரைவு வெளியான ஒரு வாரத்திற்குள் அதன் சாரத்தை எளிய தமிழில் அச்சிட்டுத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வழங்குவது. நம்மிடையே வழக்கறிஞர்களுக்கும் மொழிபெயர்க்க வல்லவர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டாவது, இத்துன்பத்தில் உழன்று மீண்டவர்களின் சொல்லை, பெயரும் ஊரும் வெளிப்படாமல், அவர்கள் இசைவோடு எழுதி வாங்குவது. மூன்றாவது, அவற்றைத் தொகுத்துக் குறித்த நாளுக்குள் அமைச்சகத்திற்கு அனுப்பி, நகலை நம் தொகுதி உறுப்பினர்களிடம் நேரில் கொடுப்பது.

நான்காவதாக ஒன்று உண்டு. அது மனுவில் எழுதும் செய்தியன்று. நம் வீட்டு அடுக்களையில், நம் உறவினர் கடையில், ஊரிலிருந்து 'கூடமாட உதவிக்கு' வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை உண்டா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை இவ்வாறு வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அத்தகைய பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். உறவு முறியுமே என்று தயங்காதீர்கள். நம் வாசலில் ஒரு பிள்ளை அடிமையாக நிற்கும்போது தில்லிக்கு மனு எழுதும் தகுதி நமக்கு ஏது?

பிழைப்புத் தேடி வந்த நமக்கு இந்நகரம் இடம் கொடுத்தது. நாம் தலைநிமிர்ந்து வாழ்கிறோம். நமக்குப் பின்னே அதே ரயிலில் வருகிறவர்களும் தம் விருப்பத்தோடு வந்து, உழைப்புக்குரிய கூலி பெற்று, நினைத்த நாளில் ஊர் திரும்பும் உரிமையோடு வாழ வேண்டும். அதற்கு நம் சங்கம் துணை நிற்பதாக.