நியூயார்க்கில் ஒரு மாணவர்

1913-ஆம் ஆண்டு, பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையோடு 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பள்ளியில் தனியே கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். பீமராவ் அம்பேத்கர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது பொருளாதாரம் படிக்க. ஆனால் வரலாறு, சமூகவியல், தத்துவம் என்று பல வகுப்புகளில் போய் அமர்ந்தார். தத்துவ அறிஞர் ஜான் டூயி அவருடைய ஆசிரியர்களில் ஒருவர்.

1916 மே மாதம், மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது என்று கட்டுரை வாசித்தார். பிறந்தது முதல் தம்மை வதைத்த ஒன்றை, எட்ட நின்று ஓர் அறிஞராக ஆராய்கிறார் பாருங்கள்! பட்டங்களைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அந்நிய மண்ணில் இருந்த ஆண்டுகளில், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே மனத்தைவிட்டுப் போய்விட்டதாகப் பின்னாளில் எழுதினார்.

1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தீண்டத்தகாதவர் என்பதால் அங்கே தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டினார்கள். அவர் ஒடுங்கிப்போகவில்லை. பம்பாயில் பேராசிரியராகச் சம்பாதித்து, 1920-இல் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார், கொலம்பியாவுக்குப் பிறகு அங்கே தொடங்கிப் பாதியில் விட்ட படிப்பை முடிக்க.